லேத் மூண்டு பெட்டியிலை வருது

உ

நொட்டிங்காம்
23.02.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அம்மா, தம்பி குடும்பம் எல்லாரும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. வாற புதன் சிவராத்திரி. கீரிமலைக்குப் போறதெண்டால் இரவு பனிக்கை நிக்காமல் நேரத்தோடை வீட்டை வந்திடுங்கோ.

போனிலை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லச் சொல்ல நீங்கள் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" எண்டுவியள், வைச்ச பிறகு தம்பியிட்டை "என்னவாம்?" எண்டு கேப்பியள் எண்டு அவன் சொன்னவன். நாப்பது வருசம் இன்சின் சத்தத்துக்குள்ளை நிண்ட காது. அதாலைதான் எழுதிறன். வாசிச்சிட்டு எறியாமல் பட்டறை லாச்சிக்குள்ளை வையுங்கோ. பெட்டி வந்தாப் பிறகும் இது தேவைப்படும்.

நத்தாருக்கு முதல் ஒரு லேத், அதுதான் கடைசல் மிசின், பற்றிச் சொன்னனான் எல்லே, அது இப்ப என்ரை கையிலை. மைபோர்ட் கொம்பனியின்ரை எம்எல்7 மொடல். எங்கடை வேலையிடத்துக்குப் பக்கத்து வீதியிலை ஒரு வயசான அம்மா இருக்கிறா. அவவின்ரை மனிசன் செத்து மூண்டு வருசம். வளவுக்குப் பின்னாலை ஒரு பலகைக் கொட்டில், அதுக்குள்ளை அவர் ஆயுசு முழுக்க வேலை செய்த லேத். விக்கிறதெண்டால் நல்ல விலைக்கு விக்கலாம் எண்டு நானே சொன்னனான். "உன்ரை அப்பா இதிலை என்ன செய்வார்?" எண்டு கேட்டா. தண்ணிப் பம்புக்கு சாஃப்ட், புஷ், கன்னாதிட்டி நகை வேலைக்காரருக்குத் தகடு இழுக்கிற உருளை எண்டு சொன்னன். கனநேரம் யோசிச்சுப்போட்டு, காசு வேண்டாம், கொட்டிலைத் துப்புரவாக்கித் தந்தால் காணும் எண்டா. ரெண்டு சனிக்கிழமை நிண்டு துப்புரவாக்கிக் குடுத்தன்.

இந்த லேத் பிறந்த இடம் பீஸ்ரன். என்ரை வீட்டிலையிருந்து ட்ராமிலை போகலாம். 1946இலை இந்த மொடல் வந்தது. சின்னப் பட்டறைக்காரரும் வீட்டிலை வேலை செய்யிறவையும் வாங்கக்கூடியதா எண்டு செய்தது. 2011இலை தொழிற்சாலையை மூடிப்போட்டாங்கள். நான் இஞ்சை வேலை செய்யிற இடத்திலை எல்லாம் கொம்பியூட்டர் மிசின். கதவைச் சாத்திப்போட்டு கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிக்க வேணும். கையிலை ஒண்டும் தெரியாது. ஆனால் இந்த லேத்தின்ரை கைச்சில்லைப் பிடிச்சுச் சுத்தேக்கை, கருவி இரும்பிலை முட்டுறது விரலுக்குத் தெரியுது. பத்து வயசிலை உங்களுக்குப் பக்கத்திலை பெட்டிக்கு மேலை ஏறி நிண்டு பிடிச்ச அதே துடிப்பு.

குசினித் தரையிலை பேப்பர் விரிச்சு, மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சனான். அந்த மணம் மூண்டு நாள் வீட்டை விட்டுப் போகேல்லை. எனக்கு அது தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகான எங்கடை வீடு: கரண்ட் இல்லை, நீங்கள் மண்ணெண்ணெய் இன்சினிலை பெல்ட் பூட்டி லேத் ஓட்டினியள், கார்புரேட்டருக்குள்ளை ரெண்டு துளி பெற்றோல் விட்டு இழுக்கிறது என்ரை வேலை. 95 ஐப்பசி 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தாலை நடக்கேக்கை நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. திரும்பி வந்து பட்டறைக் கதவைத் தள்ளினபோது நிலத்திலை நாலு போல்ட் மட்டும் நிமிந்து நிண்டது இப்பவும் கண்ணுக்கை நிக்குது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைச்சதில்லை. அதாலை இஞ்சை எழுதிறன்.

இனி விசயத்துக்கு வாறன். கப்பலிலை போட்டால் காசு குறைவு, தெரியும். ஆனால் நாலு வருசத்துக்கு முதல் கப்பலிலை போட்ட ட்ரில் மிசின் என்ன கோலத்திலை வந்தது? மூண்டு மாசம் பிந்தி, தூணெல்லாம் சிவப்புத் தூள் பூத்து. தம்பி எண்ணெய் விட்டு விட்டு ஒரு கிழமை தேய்ச்சவன். சித்திரையிலை எனக்கு ரெண்டு கிழமை லீவு. அந்த ரெண்டு கிழமைக்குள்ளை லேத் பட்டறையிலை நிக்க வேணும். கப்பல் எப்ப வருமெண்டு ஆராலும் நாள் சொல்லேலாது. அதாலைதான் பிளேன்.

முதல் நினைச்சது, பிரிச்சு என்ரை பயணப் பெட்டியோடை கொண்டு வருவம் எண்டு. பிளேனிலை ஒரு பெட்டி 23 கிலோ, கூடக் காசு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேலை எடுக்க மாட்டினம். தூக்கிற ஆக்களின்ரை முதுகுக்காக வைச்ச கணக்கு. லேத்தின்ரை பெட்டை, அதாவது நீட்டு அடித்தளத்தை, ஹெட்ஸ்டொக் எண்ட தலையிலையிருந்து கழட்டினால் 32க்குள்ளை அடக்கலாம். ஸ்பானரைக் கையிலை எடுத்தும் போட்டன். பிறகுதான் உங்கடை சொல்லு ஞாபகம் வந்தது: "ஓடுற லேத்தின்ரை தலையைக் கழட்டாதை." தலைக்குள்ளை சுத்துற ஸ்பிண்டிலும் பெட்டும் ஒரு நேர்கோட்டிலை நிக்கிறது தலையைப் பூட்டியிருக்கிற போல்ட்டுகளிலைதான். கழட்டிப் பூட்டினால் பேந்து சோதனைக் கம்பி வைச்சு நாள் கணக்கா நேராக்க வேணும். நேராகாட்டி நீட்டுச் சாஃப்ட் எல்லாம் கூம்பாய்த்தான் வரும். ஸ்பானரை வைச்சிட்டன். பெட்டும் தலையும் ஒண்டாய்க் கார்கோவிலை வரட்டும்.

கார்கோக் கணக்கு ஒருக்காப் பாருங்கோ. பெட்டியின்ரை நீளம், அகலம், உயரம் மூண்டையும் சென்ரிமீற்றரிலை பெருக்கி 6000ஆலை பிரிக்கினம். வாறது ஒரு கிலோக் கணக்கு. தராசிலை நிக்கிற கிலோ எது, அந்தக் கிலோ எது, எது கூடவோ அதுக்குத்தான் காசு. பஞ்சு அனுப்பினால் இடத்துக்குக் கட்ட வேணும், இரும்பு அனுப்பினால் நிறைக்குக் கட்ட வேணும். பெட்டும் தலையும் இருக்கிற பெட்டி 105க்கு 40க்கு 45. கணக்கிலை 31.5, தராசிலை 68. தப்ப வழியில்லை, 68க்குத்தான் கட்டினன். ஆனால் லேத் ஸ்ராண்ட் வேறை மாதிரி. 110க்கு 50க்கு 75, உள்ளுக்கு வெறும் வெளி. தராசிலை 38 கிலோ, கணக்கிலை 68.75. காத்துக்கு முப்பது கிலோக் காசு கட்ட எனக்கு மனமில்லை. ஸ்ராண்டை இஞ்சையே விட்டிட்டன். அங்கை ஸ்ரான்லி வீதியிலை ரெண்டரை அங்குல ஆங்கிள் இரும்பு வாங்கித் தம்பி ஒட்டுவான். கால் ஓட்டைகளை அளந்து கடதாசியிலை அச்செடுத்து இந்தக் கடிதத்தோடை மடிச்சு வைச்சிருக்கிறன். தம்பி அளவு நாடாவை நம்பாமல் அந்தக் கடதாசியை இரும்புக்கு மேலை ஒட்டி நடுக்குத்து அடிக்கட்டும்.

ரெண்டாம் பெட்டி 41 கிலோ: கருவியைத் தாங்கி நகருற சடில், மற்ற முனையைத் தாங்குற டெயில்ஸ்டொக், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ரெண்டு சக், முகத்தட்டு, பல்லுச் சில்லுகள். மூண்டாம் பெட்டி 24 கிலோ: மோட்டார், பெல்ட் தண்டு, மூடி. மோட்டார் 230 வோல்ட் 50 சைக்கிள், அங்கத்தைக் கரண்டேதான். கனடாச் சின்னமாமா தன்ரை கிரைண்டரை அனுப்பவோ எண்டு கேட்டவர். வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அங்கை 120 வோல்ட் 60 சைக்கிள். வோல்ட்டை ட்ரான்ஸ்ஃபோமர் வைச்சு மாத்தினாலும் சைக்கிள் மாறாது, மோட்டார் ஆறிலை ஒரு பங்கு மெதுவா ஓடும், சூடும் ஏறும்.

பெட்டி எல்லாம் பிளைவூட். சாதாரண மரத்திலை அடிச்சால் பூச்சிக்காக 56 பாகையிலை அரை மணித்தியாலம் சூடு காட்டி, கோதுமைக் கதிர் போட்ட முத்திரை குத்தியிருக்க வேணும். பிளைவூட்டுக்கு அது தேவையில்லை. ஆணி ஒண்டும் அடிக்கேல்லை, எல்லாம் ஸ்குரூ. ஏனெண்டால் வார்ப்பிரும்பு எக்ஸ்ரேயிலை கறுப்புக் கட்டியாய்த்தான் தெரியும், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாது. கழட்டிப் பாக்க வேண்டி வந்தால் உடைக்காமல் கழட்டித் திருப்பிப் பூட்டட்டும். மூடிக்குள்ளை படம் வரைஞ்சு, எது எங்கை இருக்க வேணும் எண்டு இங்கிலீசிலை எழுதி ஒட்டியிருக்கிறன். எண்ணெய்க் கிண்ணங்களையும் வடிச்சுத் துடைச்சிட்டன். எண்ணெய் ஒழுகின பெட்டியை ஏத்த மாட்டினம். ஸ்பிறே ரின் ஒண்டும் வைக்கேல்லை, பற்றரி ட்ரில்லும் வைக்கேல்லை. டயல் கேஜின்ரை காந்தக் காலையும் எடுத்திட்டன். ஏழடி தள்ளி வைச்ச திசைகாட்டி ரெண்டு பாகைக்கு மேலை அசைஞ்சால் அது அபாயச் சாமான் கணக்கிலை போகும். ஒரு சின்னக் காந்தத்துக்காக 133 கிலோவும் மறிபட வேண்டாம்.

இனிச் சொல்லுறதுதான் முக்கியம். தம்பிக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

கார்கோவின்ரை வழிச்சீட்டிலை தம்பியின்ரை பேர் அடையாள அட்டையிலை இருக்கிற மாதிரி ஒரு எழுத்தும் பிசகாமல் போட்டிருக்கிறன். போனமுறை ஒரு எழுத்துப் பிழைச்சு, கட்டுநாயக்கா விமான நிலையத்திலை சாமான் கிடந்து நாளுக்கு நாள் வாடகை ஏறினது மறக்கேல்லை. அந்தச் சீட்டின்ரை இலக்கம் 603இலை தொடங்கும், பதினொரு இலக்கம், தம்பிக்கு வேறையா அனுப்பியிருக்கிறன். சாமான் விபரமும் விலையும் போட்ட கடதாசி மூண்டு பிரதி வருது. "பாவிச்சது" எண்டு தெளிவா எழுதியிருக்கு. சுங்கத்திலை என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். பலாலி விமான நிலையத்துக்கு வராதோ எண்டு நீங்கள் கேப்பியள். அங்கை சென்னையிலையிருந்து வாறது சின்ன பிளேன், இதைத் தூக்காது. கட்டுநாயக்காவிலையிருந்து லொறிதான். ஏத்தேக்கை தம்பி பக்கத்திலை நிக்க வேணும். அம்புக்குறி போட்ட பக்கம் மேலை. பெட்டுப் பெட்டியைக் கவிட்டு வைக்கக்கூடாது.

வந்த உடனை பெட்டியை உடைக்காதேங்கோ, அப்பா. உங்களுக்குப் பொறுக்காது, தெரியும். ஆனால் பிளேன் வயித்துக்குள்ளையும் கிடங்கிலையும் குளிர்ந்த இரும்பு, எங்கடை புழுக்கத்துக்கு வந்தால் செம்பிலை ஐஸ் தண்ணி வைச்ச மாதிரி வேர்க்கும். பொலித்தீனுக்குள்ளையே ஒரு முழுநாள் கிடக்கட்டும். பிறகு பிரிச்சு, கிறீசைத் துடைச்சு, உடனை எண்ணெய் பூசுங்கோ.

ஸ்பிண்டில் பெயாரிங் வெள்ளை உலோகம். ஒருக்காத் திறந்து பாத்தனான், நல்லா இருக்கு. மூடிக்குக் கீழை இருக்கிற மெல்லிய ஷிம் தகடுகளை எந்தப் பக்கத்திலை இருந்து எடுத்தனோ அந்தப் பக்கத்துக்கே திருப்பி வைச்சிட்டன். முன் பெயாரிங்குக்கு நீல நூல், பின்னுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறன். அந்தத் தகடு ஒட்டு ஒட்டா உரிக்கலாம், தேய்மானம் வந்தால் ஒரு ஒட்டு உரிச்சால் இறுகும். இப்ப உரிக்கத் தேவையில்லை. சொட்டு எண்ணெய்க் கிண்ணத்தின்ரை கண்ணாடி ரெண்டும் என்ரை கம்பளிச் சப்பாத்து உறைக்குள்ளை, ரெண்டாம் பெட்டியின்ரை இடது மூலையிலை. பழந்துணி எண்டு எறிஞ்சு போடாதேங்கோ.

பிரி வெட்ட உதவுற லீட்ஸ்க்ரூ அங்குலத்துக்கு எட்டுப் பிரி. உங்களுக்குப் பழக்கமான கணக்கு. பம்புச் சாமானெல்லாம் இப்ப மில்லிமீற்றர் பிரி எண்டு தம்பி சொன்னவன். அந்தப் பிரி வெட்ட நீங்கள் படிப்பிச்ச 127 பல்லுச் சில்லு இந்த மூடிக்குள்ளை அடங்காது. அதுக்குப் பதிலா 21 பல்லுச் சில்லு வைச்சிருக்கிறன். துல்லியம் இல்லை, ஆனால் ஒரு நட்டின்ரை நீளத்துக்கு வித்தியாசம் தெரியாது.

அந்தப் பெரியவரின்ரை புகையிலை ரின் பதினேழும் அப்பிடியே வருது. ட்ரில் கம்பி, சின்ன ஸ்குரூ, உடைஞ்ச கருவித் துண்டு, ஒவ்வொண்டிலையும் பென்சிலாலை அளவு எழுதியிருக்கிறார். ஒரு ரின்னிலை "கூர் போட வேணும்" எண்டு எழுதிக் கிடந்தது. போட முதலே போயிட்டார் போலை. அதை நீங்கள் போடுங்கோ.

டெயில்ஸ்டொக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரித் தேய்ஞ்சிருக்கு. அவர் இடது கைக்காரர் எண்டு அந்த அம்மா சொன்னா. நீங்களும் எல்லே.

மாலை நாலரைக்கு இருண்ட காலம் போய், இப்ப அஞ்சரை மட்டும் வெளிச்சம் நிக்குது. நேற்று லெஸ்டருக்குப் போய் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கினன். அம்மாவின்ரை தூள் முடியப் போகுது, வரேக்கை இடிச்சு வைக்கச் சொல்லுங்கோ. ரெண்டு கிழமை மேலதிக வேலை செய்ததிலை கார்கோக் காசு வந்திட்டுது. அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

எல்லாத்தையும் நீங்களும் தம்பியுமாப் பூட்டுங்கோ. தண்ணிமட்டம் வைச்சு, கால்களுக்குக் கீழை தகடு குடுத்து, முறுக்கில்லாமல் இறுக்குங்கோ. மோட்டாரைப் போட்டு வெறுமனை ஓட விட்டுச் சத்தத்தைத் தம்பியைக் கேக்கச் சொல்லுங்கோ. நீங்கள் கையை வைச்சுப் பாருங்கோ.

சக் சாவியை மட்டும் பெட்டிக்குள்ளை தேடாதேங்கோ. அது என்னட்டை. சதுரக் கம்பி எடுத்து அரம் போட்டால் ஒரு மணித்தியாலத்திலை உங்களாலை ஒண்டு செய்யலாம், எனக்குத் தெரியும். செய்யாதேங்கோ, அப்பா. ஏப்ரல் 12 நான் கொண்டு வாறன்.

உங்கள் அன்பு மகள்