ஜிக் குழம்பியவள் அல்லள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் ‘வெள்ளை யானைகள் போன்ற குன்றுகள்’ என்னும் சிறுகதையைப் பற்றித் தங்கள் இதழின் சென்ற ஞாயிறு இலக்கியப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1927இல் வெளிவந்த அக்கதையைப் பர்மாவில் இங்குள்ள தமிழ் வாசகர்களுக்கு எடுத்துக்காட்டியமைக்கு நன்றி. ஆனால் அதில் வரும் அமெரிக்கனைப் பொறுமைசாலி என்றும், ஜிக் என்னும் பெண்ணைத் தனக்கு என்ன வேண்டுமென்று தனக்கே தெரியாதவள் என்றும் கட்டுரையாளர் தீர்த்துச் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதை படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டில், எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம். மாட்ரிட் செல்லும் வண்டி வர இன்னும் 40 நிமிடம் இருக்கிறது. இருவரும் நிழலில் அமர்ந்து பீர் குடிக்கிறார்கள். அவள் கருவுற்றிருக்கிறாள், கலைத்துவிடலாம் என்கிறான் அவன். கரு என்ற சொல்லோ கலைப்பு என்ற சொல்லோ கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. ஆபரேஷன் என்கிறான், மிக எளிது என்கிறான், அவ்வளவுதான்.

அவனது பொறுமையை முதலில் பார்ப்போம். உனக்கு விருப்பமில்லையென்றால் செய்துகொள்ள வேண்டாம் என்று அவன் பலமுறை சொல்வது உண்மை. ஒவ்வொரு முறையும் அதை ஒட்டியே, அது எவ்வளவு எளிது, அதன்பின் நாம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்போம் என்பதும் வந்துவிடுகிறது. இங்கே யாங்கோனின் மொகல் தெருத் துணிக்கடையில், “பிடிக்கலேன்னா வேணாம்மா” என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை சேலையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்குமே, அந்தப் பொறுமைதான் இது. அவனைக் கொடியவன் என்று நான் சொல்ல வரவில்லை. இருவரும் தங்கிய விடுதிகளின் சீட்டுகள் ஒட்டிய பெட்டிகளை அவன் பார்க்கும் இடத்தில், அந்த வாழ்க்கை கைநழுவிப் போகிறதே என்னும் அச்சம் அவனுக்கு மெய்யாகவே இருப்பது தெரிகிறது. அச்சத்தை அச்சம் என்று சொல்லாமல் அன்பு என்று சொல்கிறானே, அதுதான் குறை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. ஜிக்குக்கு ஸ்பானிய மொழி தெரியாது. கடை வாசலில் தொங்கும் மணிச்சரத் திரையில் எழுதியிருப்பது என்னவென்று அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது; கடைக்காரப் பெண் சொல்வதையும் அவன்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எனக்கு உடனே உறைத்ததற்குக் காரணம் என் தாயார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்த அவருக்கு முதல் சில ஆண்டுகள் பர்மிய மொழி வராது. யாங்கோனின் தெய்ஞ்சி சந்தையில் கத்தரிக்காயின் விலைகூட அப்பாவின் வாய்வழியாகத்தான் அவரை வந்தடையும். அப்பா நல்லவர்தான். ஆனாலும் ஊரே இன்னொருவர் சொல்லித்தான் தெரியவரும் நிலையில், முடிவை நீயே எடு என்பதற்கு எவ்வளவு பொருள் இருக்க முடியும்?

இனி வெள்ளை யானைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அச்சொல் தீனி போட்டு மாளாத வேண்டாப் பொருளைக் குறிக்கும் என்பதைக் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கிறார். பர்மாவிலிருந்து எழுதுகிறவர் அங்கே நிறுத்தலாமா? வெள்ளை யானைகளைக் கேட்டு பயின்னௌங் மன்னர் 1563இல் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) அயுத்தயா மீது படையெடுத்த மண் இது. சின்பியுஷின், அதாவது வெள்ளை யானையின் தலைவன், என்று ஒரு மன்னர் பட்டம் சூடிய மண் இது. எல்லாவற்றிற்கும் மேலாக, மாயாதேவியின் கனவில் வெள்ளை யானை வந்து வயிற்றில் புகுந்த பிறகே சித்தார்த்தர் பிறந்தார் என்பதை இங்கே பள்ளிப் பிள்ளையும் அறியும். ஹெமிங்வே இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதாடவில்லை. ஆனால் குன்றுகளைப் பார்த்து ஜிக் வெள்ளை யானை என்றதும், அவன் தான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிப் பீரைக் குடிக்கிறான் என்று படித்தபோது, குழந்தையைப் பற்றிய பேச்சு அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டதாக எனக்குப் பட்டது.

குழப்பம் என்று கட்டுரையாளர் காட்டும் இடங்களில் எல்லாம் எனக்குத் தெளிவே தெரிகிறது. அதைச் செய்துகொண்டவர்கள் பலரைத் தனக்குத் தெரியும் என்று அவன் சொல்ல, எனக்கும் தெரியும், பிறகு அவர்கள் எல்லாரும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்கிறாள் அவள். இதை இசைவு என்று கொள்பவர் அந்தக் குரலைக் காதால் கேட்கவில்லை. பின்னர் அவள் எழுந்து நடைமேடையின் கோடிவரை நடந்து, ஆற்றங்கரை மரங்களையும் விளைந்த வயலையும் அதன் மேல் நகரும் மேக நிழலையும் பார்த்துவிட்டு, ஒருமுறை பறிகொடுத்தால் இவை திரும்பக் கிடைக்கமாட்டா என்கிறாள். கதை முழுவதிலும் நடக்கப்போவதை நேராகப் பார்த்துச் சொன்ன வாக்கு இது ஒன்றுதான். பேச்சை நிறுத்தச் சொல்லி ‘தயவுசெய்து’ என்பதை அவள் ஏழு முறை அடுக்குவதும், தெரிந்ததை மீண்டும் மீண்டும் கேட்க நேரும் களைப்பினால்தான்.

பெட்டிகளை அவன் மறுபக்கத் தண்டவாளத்துக்குத் தூக்கிச் செல்வதை மனமாற்றத்தின் அடையாளமாகக் கட்டுரையாளர் கொள்கிறார். வண்டி ஐந்து நிமிடத்தில் வரும் என்று கடைக்காரப் பெண் சொன்ன பிறகு பெட்டியைத் தூக்கத்தானே வேண்டும்? திரும்பும் வழியில் அவன் தனியாக ஒரு கோப்பை குடித்துவிட்டு, மற்றவர்கள் எல்லாம் எவ்வளவு நியாயமாகக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறான். மனம் மாறியவனுக்கு அந்த எண்ணம் வராது.

கடைசியில் அவள் புன்னகைத்து, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். சமாதானம் என்று அதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். மாதம் ஒருமுறை நாங்கள் கூடிப் படிக்கும் வட்டத்தில் இந்த வரியை வாசித்தபோது, மணமாகி முப்பது ஆண்டான ஓர் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். தம் வீட்டில் அந்தச் சொல் வந்தால், அதன்பின் இரண்டு நாளைக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்குமாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
யாங்கோன்.