சனிக்கிழமை பேண்ட்ரிக்கு ஓர் ஆள் தேவை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அக்கா வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். உனக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸாப்பில் எழுதினால் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலுக்கு நான் என்ன பதில் எழுத? அதனால்தான் பழையபடி கடிதம். அவசரம் ஒன்றும் இல்லை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

இங்கத்துப் புதுச் செய்தி, நான் கோயில் பேண்ட்ரியில், அதாவது கஷ்டப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிற இடத்தில், சேர்ந்துவிட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சபை நிர்வாகத்தைப் பார்க்கிற வார்டன் அம்மாள் வந்து, நீங்கள் ஊரில் கணக்கு வாத்தியாராமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாட்டிக்கொண்டேன். எபிஸ்கோபல் சபை என்றதும் அம்மா முதலில் எவ்வளவு தயங்கினாள், ஞாபகம் இருக்கிறதா? 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டாவதற்கு முன்னால் நம் தாத்தாமார் இருந்ததும் இதே ஆங்கிலிக்கன் குடும்பத்தில்தானே என்று நான்தான் சொல்லிக் கூட்டிப் போனேன். முதல் நாள் வெள்ளை அங்கி போட்டு நின்ற பெண் குருவைப் பார்த்து, ஐயரம்மா, அதாவது குருவின் மனைவி என்று நினைத்து, குருவான ஐயர் எங்கே என்று தேடினாள். இப்போது அவள்தான் பீடத்துக்குப் பூ வைக்கிற குழுவில் இருக்கிறாள்.

பேண்ட்ரியில் எனக்குக் கொடுத்த வேலை, டப்பாக்களில் தேதி பார்ப்பது. இங்கே நியூஜெர்சியில் ஹில்சைடில் இருக்கிற கம்யூனிட்டி ஃபுட்பேங்கிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். அது போக, சபையார் கொண்டுவந்து கூடையில் போடுவது. அதில்தான் வேடிக்கை. அலமாரியின் மூலையில் கிடந்ததையெல்லாம் தர்மக்கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். ஒபாமா காலத்துப் பூசணிக்காய் டப்பா ஒன்று வந்தது. 'பெஸ்ட் பை' தேதி தாண்டினால் உடனே கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லையாம், ருசி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். ஆனால் டப்பா உப்பியிருந்தாலோ, மூட்டுவாயில் நசுங்கியிருந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போட வேண்டும். கைக்குழந்தைக்கான பால்பவுடர் தேதி தாண்டினால் கொடுக்கவே கூடாது. நீயும் பார்த்து வாங்கு. வெறும் நூடுல்ஸை வைத்துக் காலம் தள்ளாதே. ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு.

முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு பையைக் கட்டிக் கையில் கொடுப்பார்களாம். இப்போது கடை மாதிரி அடுக்கி வைக்கிறோம். வருகிறவர்கள் கூடையோடு சுற்றி வந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். தக்காளி சூப்பும் சோள டப்பாவும் நம் பக்கத்து ஆட்களுக்கு எதற்கு? நான் சொல்லி, நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து துவரம் பருப்பும் பொன்னி அரிசியும் வாங்கி வைத்தார்கள். ஒரே காலையில் தட்டு காலி. அதைப் பார்த்துவிட்டு வார்டன் அம்மாள் பருப்பு எப்படி வேக வைப்பது என்று அம்மாவிடம் கேட்டு எழுதி, சுவரில் ஒட்டியிருக்கிறார். மஞ்சள்தூளை மட்டும் விட்டுவிட்டார்.

ஆமாம், நம் பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். யார், எந்த ஊர் என்று வெளியே பேசக் கூடாது, அதுதான் அங்கே முதல் விதி, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் தெருவில் படுப்பவர்களாக இருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நல்ல ஷூ போட்டிருக்கிறார்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்து, கூட்டம் குறைந்த பிறகு மெதுவாக இறங்கி வருகிறார்கள். கையில் கம்பெனி பேர் அச்சடித்த தண்ணீர்ப் பாட்டில் இருக்கும், அந்தக் கம்பெனியில் வேலை இருக்காது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் 60 நாள்தான் கணக்கு என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் வேறு விசா, இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். உனக்குத் தெரியாததா. சும்மா சொல்கிறேன்.

கோயிலில் அரிசி வாங்கினால் நாளைக்குக் கிரீன் கார்டுக்கு இடைஞ்சலாகுமோ என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பயம். நாங்கள் அடையாள அட்டை கேட்பதில்லை. வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர், இது மட்டும்தான் எழுதிக்கொள்கிறோம். கோயில் கொடுப்பது அரசாங்கம் கையில் காசு கொடுக்கிற திட்டம் ஆகாது என்று வார்டன் அம்மாள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லுவார். நான் தமிழிலும் சொல்லுகிறேன். சியாட்டிலிலும் இப்படி நிறைய இடங்கள் இருக்கும். உனக்காகச் சொல்லவில்லை. உன் சிநேகிதர்கள் யாருக்காவது உதவும் அல்லவா?

நீ நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தபோது எங்களை ஹோலி அப்போஸ்டல்ஸ் கோயிலுக்குக் கூட்டிப் போனாயே, 9வது அவென்யூவும் 28வது தெருவும் சேருகிற இடம். கோயில் நடுவிலேயே மேசை போட்டு, பசித்து வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. 1982இலிருந்து நடக்கிறது என்று நீதான் சொன்னாய். 1990இல் தீப்பிடித்துக் கூரை போய், திரும்பக் கட்டியபோது பழைய பெஞ்சுகளைப் போடாமல் விட்டுவிட்டார்களாம், சாப்பாட்டு மேசைக்கு இடம் வேண்டும் என்று. அம்மாவுக்கு அது நம்ம ஊர்க் கோயிலில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் மாதிரியே இருந்தது. நீ ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டு எடுத்தாய். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவாதவன் என்று அம்மா சிரித்தாள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. ஊருக்கு வந்து நம் சபைச் சேகர கமிட்டியில் எல்லாரிடமும் சொன்னேன்.

அங்கே உன்னோடு பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பற்றி, இவர் போன வருஷம் வரைக்கும் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்று நீ என் காதில் சொன்னாய். பெரிய அதிசயம் மாதிரி சொன்னாய். அதில் என்ன அதிசயம் தம்பி? இந்தப் பக்கம் நிற்கிறவன் அந்தப் பக்கம் உட்காருவதும் நடக்கிற காரியம்தானே. யாரும் அதற்காகக் குறைந்துபோவதில்லை. ஒழுங்காகச் சாப்பிடு.

அப்புறம், இங்கத்துக் கணக்கு விஷயம் ஒன்று. இந்தச் சபையின் சட்டப் புத்தகத்திலேயே ஒரு விதி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் விழுகிற பொதுக் காணிக்கை குருவின் பொறுப்புக்குப் போய்விட வேண்டும். கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு அவர் தம் யோசனைப்படி கொடுக்கலாம். டிஸ்கிரிஷனரி ஃபண்ட் என்கிறார்கள். வாடகை, கரண்ட் பில், மருந்து, ஊருக்குப் போக டிக்கெட், எதற்கும் கொடுப்பார்கள். கணக்குத் தணிக்கை உண்டு, ஆனால் யாருக்குப் போனது என்று சபையை நிர்வகிக்கிற எங்கள் வெஸ்ட்ரி கமிட்டிக்குக்கூடத் தெரியாது. எனக்கு முதலில் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சேகரத்தில் நான் பொருளாளராக இருந்த காலம் முழுக்க வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போனதில்லை, உனக்கே தெரியும். வாங்கினவன் பேர் இல்லாமல் என்ன கணக்கு என்று வார்டன் அம்மாளிடம் கேட்டுவிட்டேன். பேர் வெளியே தெரியும் என்றால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள், அப்புறம் இந்த ஃபண்ட் எதற்கு என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நம் ஊர் வழக்கம் வேறு. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை 5,000 ரூபாய்க்கு எடுத்தவன் பேர் மைக்கில் மூன்று தடவை வரும். உன் முதல் சம்பளத்தில் கோயிலுக்கு வாங்கிப் போட்ட ஃபேனில் உன் பேர் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்று நீ சொன்னாய், எழுதச் சொன்னது நான்தான். ஆராதனை நேரத்தில் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அம்மா இன்னும் கேலி செய்கிறாள். பார்த்தேன்தான். பிள்ளை பேர் மேலே சுற்றும்போது எந்த அப்பன் பார்க்க மாட்டான்? அதற்காக, அந்தப் பேருக்காக நீ எதையும் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நான் எப்போதாவது சொன்னேனா? சொல்லியிருந்தால் அதை விட்டுவிடு.

சித்தப்பா தூக்குச்சட்டியோடு போன கதை உனக்குத் தெரியும். மில்லில் ஆள் குறைத்த பிறகும் தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, சங்கு ஊதுகிற நேரத்துக்கு வீடு திரும்பினான். கல்யாண வீடுகளில் நாம் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதை. அதில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. ஆச்சிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் அந்த ஆறு மாதமும் சோறு கட்டிக் கொடுத்தாள். அவனாக வந்து சொல்லட்டும், வயிறு எதற்குக் காய வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். நானும் சொல்லவில்லை.

சரி, வேறு செய்தி. அக்கா மகன் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், அங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறான். பெரியவளுக்குப் பியானோ. தவக்காலமாகிய லெந்து தொடங்குகிற சாம்பல் புதனன்று எங்கள் குரு அம்மா விடியற்காலையில் ரயில்நிலைய வாசலில் நின்று வேலைக்குப் போகிறவர்கள் நெற்றியில் சாம்பல் சிலுவை போட்டார். எனக்கு இந்தப் புதுமை அவ்வளவாக ஒப்பவில்லை. கோயிலுக்குள் வந்து முழங்கால்படியிட முடியாதா? ஆனாலும் துணைக்குப் போய்ச் சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நல்ல குளிர். கையில் மடிக்கணினிப் பையோடு ஒரு பையன் ரயிலை விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். உன் உயரம். குரு அம்மா அவனோடு வெகுநேரம் பேசினார். எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. தாங்க்ஸ்கிவிங்குக்கு நீ வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. டிக்கெட் விலை அதிகம் என்றாய். டிக்கெட் விலையை நீ என்றைக்கடா பார்த்தாய்?

உன் ஊரில் செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல் இருக்கிறது, கேப்பிடல் ஹில்லில். அதுவும் எபிஸ்கோபல் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9.30 மணிக்கு அங்கே கம்ப்ளைன் என்கிற, படுக்கப் போகுமுன் செய்கிற ஜெபம் பாடுகிறார்கள். 1956இலிருந்து பாடுகிறார்களாம், ரேடியோவிலும் வருகிறது. அரை மணி நேரம்தான். பாதிப்பேர் வாலிபப் பிள்ளைகள், தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டே கேட்கிறார்கள். இதைக் கேட்டால் ஊரில் கோயில்பிள்ளை பிரம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், நீயும் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். போய்ப் படுத்துக் கிட. பிறகு மனசு வந்தால் அங்கே இருக்கிற குருவிடம் பேசு. பேசினால் வெளியே போகாது. என்னிடம் பேச முடியாததை அவரிடம் பேசு. என்னிடமும் பேசலாம். ராத்திரி எந்த நேரமானாலும் போனை எடுப்பேன், எனக்கு இப்போது தூக்கம் குறைவு.

நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குப் படு. காப்பியைக் குறை.

இங்கே சனிக்கிழமைக்கு ஆள் பற்றவில்லை. பெட்டி தூக்க வயசுப்பிள்ளைகள் யாரும் இல்லை, எல்லாரும் என்னைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். ஓர் ஆள் வந்தால் உபகாரமாக இருக்கும் என்று வார்டன் அம்மாளே சொன்னார். ஒரு மாதம் இருக்கலாம், மூன்று மாதம் இருக்கலாம். மேலே அறை சும்மாதான் கிடக்கிறது, இண்டர்நெட் நன்றாக வருகிறது, இண்டர்வியூ கிண்டர்வியூ எது இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். டிக்கெட்டை அத்தானிடம் போடச் சொல்லியிருக்கிறேன், தேதி மட்டும் எழுது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பேண்ட்ரிக்கு ஆள் வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பெரியத்தை போன வாரம் போன் செய்தாள். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பணம் வரவில்லை, பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று கேட்டாள். பேங்கில் ஏதோ கோளாறு என்று சொல்லி, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து உன் பேரிலேயே அனுப்பிவிட்டேன். அவள் உனக்கு நன்றி சொல்லிப் போன் செய்வாள். எடுத்து, ஆமாம் அத்தை என்று சொல்லிவிடு.

அன்புள்ள,
அப்பா