மேட்டூர் வற்றும் ஆண்டுக்கு நம் ஏற்பாடு என்ன? சேலம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேலம் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்களுக்கும் உள்ளூர்த் திட்டக் குழும அலுவலர்களுக்கும் வணக்கம்.

நகர வளர்ச்சித் திட்டங்கள் பொதுவாக மக்கள்தொகைக் கணிப்பில் தொடங்கி, அத்தனை பேருக்கும் வேண்டிய தண்ணீரை எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் முடிகின்றன. சேலத்துக்கு இனி வரும் முழுமைத் திட்டம் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு, உறுதியாகக் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்பதே இந்த மடலின் நோக்கம்.

1911-இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரிதான் பல காலம் இந்நகரின் தாகத்தைத் தீர்த்தது. மேட்டூர்க் குடிநீர் வந்ததும் அந்த ஏரியை நாம் மறந்தோம். சீமைக் கருவேலம் அதை எடுத்துக்கொண்டது. ஏரியை நம்பியிருந்தவரை அதன் நீர்மட்டத்தைப் பார்த்துச் செலவழித்த நகரம், குழாய் வந்தபின் எல்லை என்று ஒன்று இருப்பதையே பார்க்காமல் வாழப் பழகிவிட்டது.

மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு டெல்டா உழவர் தொடங்கி உரிமையாளர் பலர். கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்கு விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன 192 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 ஆகக் குறைத்தது; அப்போது கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தேவையைக் கருதித் தரப்பட்டது. மேலே இருக்கும் நகரமும் பெருகுகிறது, கீழே இருக்கும் நாமும் பெருகுகிறோம். ஆறு மட்டும் பெருகவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தபோது, அடுத்த கோடையில் மேட்டூர் நீர்த்தேக்கப் பகுதியான பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய கிறித்துவக் கோபுரமும் முழுதாய் வெளியே நின்றன. பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தக் காட்சி நம் குடிநீர்த் தொட்டியின் அடிமட்டம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

நிலத்தடி நீர் கைகொடுக்கும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் கடும்பாறை. சிதைந்த மேல்அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் தங்குவதே நம் நிலத்தடி நீர். கன்னங்குறிச்சிப் பக்கம் எந்தக் கோடை இரவிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும். கம்ப்ரசர் இரைச்சலில் தெரு அதிர, வெண்ணிறக் கல்மாவு எதிர்வீட்டுத் திண்ணைவரை படிய, வீட்டுக்காரர் அடிக் கணக்கை எண்ணியபடியே உட்கார்ந்திருப்பார். ஆயிரம் அடி தாண்டியும் "புகைதான் வருது" என்று ஆபரேட்டர் கையை விரித்தால், நகையை அடகு வைத்த பணம் தூசியாகப் போனது என்று பொருள். அதே தெருவில் அடுத்த வாரம் இன்னொரு ரிக் வரும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லும் கணக்கு எவரிடமும் இல்லை.

மழை பெய்தாலும் நமக்குத் தொல்லையாகவே முடிகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் ஓடியது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மனைகளாக்கி, ஆற்றைச் சாக்கடையாக்கிய பிறகு, வந்த நீரைப் பிடித்துவைக்க நம்மிடம் இடமில்லை.

சமூகம் நிலைகுலையும் என்று சொன்னால் பேரச்சம் கிளப்புவதாகச் சிலர் நினைக்கலாம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் கதை இந்த மண்ணிலேயே நடந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் 16 லட்சமாகச் சுருங்கியது. அப்போது ரயிலும் இருந்தது, நாட்டில் தானியமும் இருந்தது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போனது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான பணமும் ஓரணாவும் போதும் என்று அரசு கூலியைக் குறைத்தது. இன்று ரேஷன் கடை இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது. அந்தக் கொடுமை அப்படியே திரும்பும் என்று நான் சொல்லவில்லை. பஞ்ச ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத நிர்வாகம், கையிருப்பு தீரும்போது எளியவர் பங்கைத்தான் முதலில் குறைக்கும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க முடியாதவர்கள் அம்மாப்பேட்டையிலும் இருக்கிறார்கள், ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

மேட்டூர் உபரிநீரை நூறு ஏரிகளுக்கு ஏற்றும் சரபங்கா திட்டத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் பெயரிலேயே உபரி இருப்பதைக் கவனியுங்கள்: அணை நிரம்பாத ஆண்டில் அது நமக்கு உதவாது.

ஆகவே கேட்பது இவை. மேட்டூர், ஏரிகள், ஆழ்துளைக் கிணறுகள் ஆகிய மூன்றிலிருந்தும் மோசமான ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை மண்டலவாரியாக வெளியிடுங்கள். அந்தக் கணக்கில் இடமில்லாத மனைப்பிரிவுக்கும் அடுக்குமாடிக்கும் அனுமதி தராதீர்கள். கட்டுநர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். பனமரத்துப்பட்டியின் வரத்து வாய்க்கால்களை அளந்து மீட்டு, அதை மீண்டும் குடிநீர் ஆதாரமாக அறிவியுங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் சாயப்பட்டறைகளும் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்த வழி செய்யுங்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற நெறி பாதியாகும் நாளில் எந்த வார்டுக்கு எத்தனை லிட்டர், மருத்துவமனைக்கு எவ்வளவு, எந்த ஆலை முதலில் நிறுத்தப்படும் என்பதை மாமன்றத்தில் விவாதித்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அணையில் தண்ணீர் இருக்கும்போதே அந்த விவாதத்தை வையுங்கள். வற்றிய பிறகு நியாயம் பேச எவருக்கும் பொறுமை இராது.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சியில் வசிக்கும் வரி செலுத்துவோர் ஒருவர்