வீட்டைப் புதுப்பிக்கும்போது மண்ணை மூடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இப்போது 'பசுமை வீடு' என்று சொல்லி சோலார் பேனலும் எல்இடி விளக்கும் போடுகிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் அதே வேலையில் வாசல் மண் முழுவதையும் சிமென்ட் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்களே! எங்கள் தெருவில் அண்மையில் புதுப்பித்த ஒரு வீட்டில், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை நேராகத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். மழைநீரை மண்ணுக்குள் இறக்கக் கூழாங்கல் நிரப்பிய பழைய தொட்டியின் மேல் இப்போது கார் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாயிற்று என்று கொத்தனாரிடம் யாராவது சொன்னால் தேவலை.

அப்புறம் இடிபாடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரை இடித்தால் செங்கல் பெரும்பாலும் முழுசாகக் கழன்று வரும். ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு மறுபடியும் கட்டலாம். சிமென்ட்டில் கட்டியது உடைந்துதான் வரும். தேக்கு நிலையும் கதவும் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு பிளைவுட் கதவு மாட்டுவதில் என்ன பசுமை இருக்கிறது?

மிச்சம் இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போகிறது. கட்டட இடிபாடுகளைத் தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது. எங்கே ஒப்படைப்பது, யாரைக் கூப்பிடுவது என்பதை வார்டு அலுவலக வாசலில் பெரிதாக எழுதி வைக்கட்டும். வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது கொஞ்சமாவது குறையும்.

– வாசகர், தாம்பரம்