பாஸ்வேர்டை மாற்றும் முன் லாக்கைப் பாருங்கள்: அச்சக சர்வர் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வர் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து சிவகாசியில் உள்ள உங்கள் அச்சகத்துக்குக் காலண்டர் ஃபைல் அனுப்பும் டி.டி.பி. கடைக்காரர்களும் டிசைனர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. தீபாவளி முடிந்த வாரம், நாங்கள் ஃபைல் ஏற்றும் எஃப்டிபி சர்வரைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றினீர்கள். அன்று முதல் நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எத்தனை முறை போன் செய்தாலும் எங்களுக்கு வரும் பதில் ஒன்றுதான்: "பாஸ்வேர்டு மாத்தியாச்சு, இப்பப் பாருங்க." பார்க்கிறோம். மறுபடியும் உள்ளே விடாத 530 என்ற பிழை எண்.

எங்கள் கோரிக்கையும் ஒன்றுதான். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் தயவுசெய்து லாக்கை, அதாவது சர்வர் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவை, பாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு ஒரு வரி சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 530 என்பது காரணம் சொல்லும் எண் அல்ல. எஃப்டிபிக்கான விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 959 வெளிவந்தது 1985இல். அதில் இந்த எண்ணுக்கு எழுதியிருப்பது "உள்நுழையவில்லை" என்பது மட்டுமே. பெயர் தப்பா, பாஸ்வேர்டு தப்பா, கணக்கு காலாவதியா என்று வெளியே இருப்பவனிடம் சர்வர் விவரம் சொன்னால் திருட வருபவனுக்கும் அது உதவும் என்பதால், சொல்லாமல் விடுவதே முறை. அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அதனால்தான் காரணம் உங்கள் பக்கத்து லாக்கில் மட்டும் இருக்கிறது. நாங்கள் இங்கே தலைகீழாக நின்றாலும் அது எங்கள் திரைக்கு வராது.

எங்கள் திரையில் தெரிவது இவ்வளவுதான். ஃபைல் ஏற்றும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் கனெக்ட் கொடுத்ததும், சர்வர் தயார் என்னும் 220 வருகிறது. அந்த வரியிலேயே விஎஸ்எஃப்டிபிடி 3.0.5 என்று சர்வர் மென்பொருள் தன் பெயரைச் சொல்கிறது. யூசர் பெயர் போனதும் 331, பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு போகிறது. ஓரிரு விநாடி எதுவும் நகர்வதில்லை. பிறகு சிவப்பு எழுத்தில் "530 லாகின் இன்கரெக்ட்."

இதற்குள்ளேயே ஒரு தகவல் இருக்கிறது. யூசர்லிஸ்ட் கோப்பில் பெயர் தடுக்கப்பட்டிருந்தால், பெயர் போட்ட உடனே "530 பர்மிஷன் டினைட்" என்று வெட்டிவிடும்; 331 வரவே வராது. எங்களுக்கு 331 வருகிறது. ஆகவே அந்தப் பட்டியல் காரணமில்லை. இணைப்பில் போவதை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் முறையைக் கட்டாயமாக்கி அதனால் தடுத்திருந்தால், என்கிரிப்ஷன் வேண்டும் என்று அந்த 530 வரியிலேயே எழுதிவரும். அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது பாஸ்வேர்டு சரிபார்ப்பும் அதை ஒட்டி, லினக்ஸில் நுழைவைச் சோதிக்கும் பகுதியான பாம் செய்யும் மற்றச் சோதனைகளும்தான்.

இன்னொரு தடயமும் தருகிறோம், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். பழைய பெயர்கள் எல்லாம் இப்போதும் நுழைகின்றன. இந்த சீசனில் புதிதாக உருவாக்கிக் கொடுத்த பெயர்கள் ஒன்றுகூட நுழையவில்லை. கைப்பிழை என்றால் இப்படி வரிசையாகப் புதிய பெயர்களுக்கு மட்டும் வராது. வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிவரும் இடைவெளி, போன் தானாகப் பெரிய எழுத்தாக்கிய முதல் எழுத்து, தட்டச்சு தமிழ்99இல் நின்றபடி புள்ளிகளுக்குப் பின்னால் தெரியாமல் அடிபட்ட பாஸ்வேர்டு: டி.டி.பி. கடையில் வழக்கமாக நடக்கும் இந்தத் தவறுகள் அத்தனையையும் நாங்கள் முதல் நாளே பார்த்துவிட்டோம். நோட்பேடில் அடித்து, கண்ணால் படித்து, அதன் பிறகே ஒட்டினோம்.

புதிய பெயருக்கும் பழைய பெயருக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் சர்வரிலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கணக்குகளின் பட்டியலான எட்சி பாஸ்வேர்டு கோப்பில் நுழையும் பெயர் ஒன்றையும் நுழையாத பெயர் ஒன்றையும் எடுத்து, ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கும் நிரலைக் குறிக்கும் ஏழாவது களத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதில் வழக்கமான ஷெல்லான பேஷ் இருக்கும், புதியதில் கட்டளை அடிக்க விடாத நோலாகின் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. ஃபைல் மட்டும் அனுப்புகிறவர்களுக்குக் கட்டளை அடிக்கும் உரிமை வேண்டாம் என்று நோலாகின் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் மாறியிருக்கும் உபுண்டு லினக்ஸில், விஎஸ்எஃப்டிபிடிக்கான பாம் கோப்பின் கடைசியில் பாம்-ஷெல்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது. எட்சி ஷெல்ஸ் பட்டியலில் இல்லாத ஷெல் யாருக்கு இருந்தாலும் அது உள்ளே விடாது. அந்தப் பட்டியலில் நோலாகின் இயல்பாக இருப்பதில்லை. பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் வெளியே வருவது அதே 530தான். நூறு முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் அதே 530தான் வரும்.

கணிப்பை நம்ப வேண்டாம், லாக்கைப் பாருங்கள். விஎஸ்எஃப்டிபிடி லாக்கில் ஃபெயில் லாகின் என்ற வரியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே நேரத்துக்கு, நுழைவுச் சோதனைகள் பதிவாகும் ஆத் லாக்கில் தேடுங்கள். பாஸ்வேர்டு நிஜமாகவே தப்பென்றால் அங்கே பாம்-யூனிக்ஸ் பெயரில் ஆதென்டிகேஷன் ஃபெயிலியர் என்று ஒரு வரி இருந்தே தீரும். பாஸ்வேர்டு காலாவதி என்றால் எக்ஸ்பயர்டு என்று எழுதியிருக்கும். எஃப்டிபியில் புதிய பாஸ்வேர்டு கேட்க வழியில்லாததால் எங்களுக்கு அதுவும் 530ஆகத்தான் வரும். எஃப்டிபியூசர்ஸ் தடைப்பட்டியலில் பெயர் இருந்தால் பாம்-லிஸ்ட்ஃபைல் மறுத்ததாக வரி இருக்கும். இவை எதுவுமே இல்லாமல் அந்த இடம் காலியாக இருந்தால், பாஸ்வேர்டு சரி, பெரும்பாலும் ஷெல்தான் தடுக்கிறது. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடினால், இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தைய நேரத்தில் தேடுங்கள்: எங்களுக்கு இரவு 11.10க்கு வந்த பிழை அங்கே 17.40இல் இருக்கும்.

சரிசெய்வதும் பெரிய வேலை இல்லை. அவசரத்துக்கு எல்லோருக்கும் பேஷ் கொடுத்துவிடாதீர்கள். தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் எஸ்எஸ்ஹெச் வழி திறந்திருந்தால் வாடிக்கையாளர் அத்தனை பேரும் சர்வருக்குள் கட்டளை அடிக்கலாம். "இந்தக் கணக்கு ஃபைல் அனுப்ப மட்டும்" என்று காட்டிவிட்டு வெளியேறும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அதற்கு ஓடும் அனுமதி கொடுத்து, அதன் முழுப் பாதையை எட்சி ஷெல்ஸில் ஒரு வரியாகச் சேருங்கள். பிறகு யூசர்மாட் கட்டளையால் புதிய பெயர்களுக்கு அதையே ஷெல்லாக வையுங்கள். எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. அதன் பிறகு யாருக்காவது "500 ஊப்ஸ்" என்று வந்தால் பதற வேண்டாம். பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது, பூட்டிய முகப்பு ஃபோல்டரில் எழுத அனுமதி இருப்பதைத்தான் அது மறுக்கிறது. முகப்பில் எழுத்து அனுமதியை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துணை ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் முடிந்தது.

பாஸ்வேர்டு மாற்றுவதால் பயனில்லை என்பதோடு நிற்கவில்லை, தீங்கும் வருகிறது. புதிய பெயர் வைத்திருப்பவர் 530 வந்ததும் நாலைந்து முறை முயல்கிறார். தவறான முயற்சிகளை எண்ணித் தடை போடும் ஃபெயில்2பேன், அந்த இணைய இணைப்பின் முகவரியான ஐபியையே தடுத்துவிடுகிறது. மாற்றாத அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு என்றால் 10 நிமிடத் தடை. மாசி வீதிகளில் ஒரே மாடியில் மூன்று கடைகள் ஒரே பிராட்பேண்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்வது உங்களுக்குத் தெரியாததல்ல. தடை விழுந்தால் பழைய பெயரில் ஒழுங்காக ஃபைல் ஏற்றிக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்கும் சேர்த்து அறுந்துபோகிறது. அவருக்கு 530கூட வருவதில்லை. 220 வராமலே கனெக்‌ஷன் மறுக்கப்படுகிறது. அவரும் உங்களுக்குப் போன் செய்கிறார். அவருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிடுகிறீர்கள். அவர் கடையில் மூன்று கம்ப்யூட்டரில் பழைய பாஸ்வேர்டு சேமித்து வைத்திருக்கிறது. தடை நீங்கியதும் அந்த மூன்றும் பழையதையே அனுப்புகின்றன, மறுபடியும் தடை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு இப்படித்தான் கெட்டது. ஒரு ஐபிக்கு எத்தனை இணைப்பு என்ற வரம்பையும் இதே கண்ணோடு பாருங்கள்: ஃபைல்ஜில்லா ஃபோல்டர் பார்க்க ஒன்று, ஃபைல் ஏற்ற இரண்டு என ஒரு ஆளுக்கே மூன்று இணைப்பு எடுக்கும். மூன்று கடைக்கு ஒன்பது.

இதனால் எங்களுக்கு விழும் அடி என்னவென்று சொல்ல வேண்டும். 15க்கு 20 அங்குல மாதக் காலண்டரில் ஒரு பக்கம், 300 டிபிஐ, நாலு கலர், சுருக்காத டிஃப் என்றால் 108 எம்பி. பன்னிரண்டு பக்கம் 1.3 ஜிபி. மெயிலில் 25 எம்பிக்கு மேல் போகாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் ஆர்ஜிபியாகச் சுருங்கிப் போகிறது. அதைத் திரும்ப நாலு கலராக மாற்றும்போது, கறுப்பு பிளேட்டில் மட்டும் இருக்க வேண்டிய எழுத்து நாலு பிளேட்டிலும் பிரிந்து விழுகிறது. கட்டத்துக்குள் ஆறு பாயின்ட்டில் இருக்கும் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம், நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை நகர்ந்தாலே சிவப்பும் நீலமும் கரையாகக் கசிந்து படிக்க முடியாமல் போகும். 4.30ஆ 1.30ஆ என்று வீட்டில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவர் அச்சகத்தைத் திட்டுவதில்லை, காலண்டர் கொடுத்த கடைக்காரரைத் திட்டுகிறார். கடைக்காரர் எங்களிடம் வருகிறார்.

ஆகவே பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருவர் மாட்டுத்தாவணியில் சிவகாசி பஸ் ஏறுகிறார். திருமங்கலம், விருதுநகர் வழியாக எழுபது கிலோமீட்டருக்கு மேல். போகவர ஒரு பகல் போய்விடுகிறது. அவர் திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளர் போன் செய்து, கடை போன் நம்பரில் ஒரு எண் மாறியிருக்கிறது என்கிறார். திருத்தம் இரண்டு நிமிட வேலை. அதை அனுப்ப இன்னொரு பகல். அதற்குள் ஜாப் மெஷினில் ஏறும் முறை தவறிவிட்டால், வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டும். ஜனவரி 1க்கு அப்புறம் காலண்டரை யார் வாங்குவார்கள்?

சர்வர் மட்டும் பிரச்சினை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாள் விலை ஏறினால் அன்றே எல்லோருக்கும் தகவல் வருகிறது. சர்வர் மாறப்போகிறது, டிஎல்எஸ் கட்டாயமாகிறது, இனி விண்டோஸ் எக்ஸ்புளோரரில் நேரடியாகத் திறக்க முடியாது என்று முன்கூட்டி ஒரு வரிகூட வரவில்லை. எக்ஸ்புளோரருக்கு டிஎல்எஸ் தெரியாது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021லேயே எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. வயதான ஆபரேட்டர்கள் பலர் இந்த ஒரு மாற்றத்திலேயே இரண்டு நாள் முட்டிக்கொண்டார்கள். மாற்றிய பாஸ்வேர்டை எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். ஒரு ஜவுளிக்கடையின் டிசைன் இருக்கும் ஃபோல்டருக்கான சாவி அது. போட்டிக் கடைக்கு வேலை செய்பவரும் அதே குழுவில்தான் இருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மேல் போன் எடுக்க ஆள் இல்லை. சீசனில் டி.டி.பி. கடைக்கு வேலை தொடங்குவதே அந்த நேரத்தில்தான். தவறு எங்கே இருந்தாலும் அனுப்புகிறவன்தான் முட்டாள் என்ற தொனியில் பதில் வருவது எங்களை மிகவும் நோகடிக்கிறது.

மனவருத்தத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அச்சகத்தின் தரத்தில் எங்களுக்கு என்றும் சந்தேகம் வந்ததில்லை. உங்கள் பிரிவில் ஆள் குறைவு என்பதும் தெரியும். அதனால்தான் வேலையைக் கூட்டாமல் குறைக்கும் வழியைக் கேட்கிறோம். நுழையாத பெயர்கள், முயன்ற தேதி, இந்திய நேரம், எங்கள் பொது ஐபி, ஃபைல்ஜில்லாவில் வந்த வரிகள், இவற்றை ஒரே தாளில் தொகுத்து உங்கள் அலுவலக மெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம். பாஸ்வேர்டு எதையும் அதில் எழுதவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் அரைமணி நேரம் லாக்கின் முன் உட்காருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முதலில் ஃபெயில்2பேன் ஸ்டேட்டஸ் பார்த்து எங்கள் ஐபிகளை விடுவியுங்கள். பிறகு ஏதாவது ஒரு புதிய பெயரில் சர்வரிலிருந்தே அதே சர்வருக்கு (லோக்கல்ஹோஸ்ட்டுக்கு) டிஎல்எஸ் வழியாக எஃப்டிபி செய்து பாருங்கள். அங்கேயும் அதே "530 லாகின் இன்கரெக்ட்" வந்தால் எங்கள் இணைப்பின்மேல் பழி இல்லை. அதற்குப் பிறகு லாக்கைப் பாருங்கள். லாக்கைப் பார்த்து, பாஸ்வேர்டு உண்மையிலேயே தப்பென்று அங்கே எழுதியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றினால் அந்தக் கடைக்காரருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை ஏற்ற வேண்டிய ஜாப்கள் எங்களிடம் தயாராக இருக்கின்றன. அதற்குள் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம். சரிசெய்ய நேரம் பிடிக்கும் என்றால் அதையும் ஞாயிறு மாலைக்குள் சொல்லிவிடுங்கள், முதல் பஸ்ஸுக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து காலண்டர் ஃபைல் அனுப்பும் டி.டி.பி., டிசைன் கடைக்காரர்கள்