போரில் ஏலம் போகும் பெயர்கள்: ஜெனீவா நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வணிகக்குறி (டிரேட்மார்க்) நிலைக்குழுவில் அமரும் உறுப்பு நாட்டுப் பிரதிநிதிகளுக்கு வணக்கம்.

சென்னையில் டிரேட்மார்க் பதிவு விண்ணப்பங்களைத் தயாரிப்பது என் தொழில். ஒருவர் தம் கடைப் பெயரோடு வந்து அமரும்போது, இந்தப் பெயரைப் பார்த்து வாங்குகிறவர் யாரை நம்பி வாங்குகிறார் என்றுதான் முதலில் கேட்பேன். போர் மூண்டதும் அரசுகள் மறந்துவிடும் கேள்வி இது.

1918 டிசம்பரில், முதல் உலகப் போரின் சண்டை ஓய்ந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், நியூயார்க் மாநிலத்து ரென்சிலரில் இருந்த, ஜெர்மன் மருந்து நிறுவனமான பேயரின் ஆலையை, பகை நாட்டவரின் சொத்துகளைக் கையகப்படுத்தும் அதிகாரியான அமெரிக்காவின் எதிரிச் சொத்துக் காப்பாளர் ஏலம் விட்டார். ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க நிறுவனம் அதை 53 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. இயந்திரங்களோடு பேயர் என்ற பெயரும், அதை நெடுக்கிலும் குறுக்கிலும் எழுதிய சிலுவை வடிவச் சின்னமும் கைமாறின. அதன்பின் முக்கால் நூற்றாண்டு, அமெரிக்க மருந்துக்கடையில் அந்தச் சின்னத்தைப் பார்த்து ஆஸ்பிரின் வாங்கியவரின் கையில் இருந்த புட்டி ஜெர்மனியின் பேயர் தயாரித்தது அல்ல. 1994-இல் சுமார் 100 கோடி டாலருக்கு ஸ்டெர்லிங்கின் வட அமெரிக்க மருந்து வணிகத்தை வாங்கிய பிறகே, தன் பெயரை அங்கே முழுமையாக ஆளும் உரிமை பேயருக்குத் திரும்பியது.

ஜெர்மனியின் இன்னொரு மருந்து நிறுவனமான மெர்க்கின் கதையும் இதுவே. முதல் உலகப் போரில் பறிமுதலாகித் தனி நிறுவனமாகிவிட்ட அமெரிக்கக் கிளையும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள தாய் நிறுவனமும் ஒரே பெயருக்காக இந்த நூற்றாண்டிலும் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. அமெரிக்க மெர்க்கின் மருந்துகள் நம் ஊருக்கு எம்.எஸ்.டி. என்ற பெயரில் வருவதன் காரணமும் அந்தப் பிளவுதான்.

இப்போது, 2022-இல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா. 2023 ஜூலையில் பிரெஞ்சுப் பால்பொருள் நிறுவனமான டானோனின் ரஷ்யக் கிளையும், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்குக்குச் சொந்தமான பால்டிகா என்ற ரஷ்ய பீர் நிறுவனமும் அதிபரின் ஆணையால் அரசின் 'தற்காலிக நிர்வாகத்துக்கு'ப் போயின. அக்டோபரில் கார்ல்ஸ்பெர்க் தன் குறிகளைப் பயன்படுத்த பால்டிகாவுக்குத் தந்திருந்த உரிமங்களை ரத்து செய்தது. அடுத்த மாதமே, குறிகளின் உரிமையை முறைகேடாக மாற்றியதாகக் கூறி பால்டிகாவின் அதிகாரிகள் இருவரைக் கைது செய்தார்கள். புட்டியில் ஒட்டும் லேபிளுக்கான வழக்கில் மனிதர்கள் சிறைக்குப் போக நேர்ந்ததை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. மறுபுறம், 2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யர்களின் புதிய அறிவுசார் சொத்து விண்ணப்பங்களை ஏற்கக் கூடாதெனத் தன் அலுவலகங்களுக்குத் தடை விதித்தது.

பகை நாட்டவரின் ஆலையை முடக்கவும், அதன் லாபம் எல்லை தாண்டாமல் தடுக்கவும் போரிடும் அரசுக்கு உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலையை எடுத்தவர் பெயரையும் சேர்த்து எடுக்கும்போது ஏமாறுவது எதிரி அல்லர், சொந்த நாட்டில் அந்தப் பொருளை வாங்குகிறவர்.

ஆகவே உங்களிடம் ஒரு வழிகாட்டுதலைக் கோருகிறேன். கையகப்படுத்திய நிறுவனத்தின் வணிகக்குறியைப் போர் முடியும்வரை விற்காமலும் மாற்றாமலும் உறைநிலையில் வைக்க வேண்டும். ஆலை தொடர்ந்து ஓடினால், இப்போது தயாரிப்பவர் யார் என்பதை லேபிளில் தெளிவாக அச்சிட வேண்டும். மேலும், 3 ஆண்டுகள் பயன்படுத்தாத குறியை ரத்து செய்யக் கோரலாம் என்று ரஷ்யச் சட்டம் சொல்வதால், 2022-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறிய நிறுவனங்களுக்கு அந்தக் கெடு ஏற்கெனவே கடந்துவிட்டது. குறியைப் பயன்படுத்தாததற்கு உரிமையாளரின் கையை மீறிய சூழலைத் தக்க காரணமாக, உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸின் 19-ஆம் பிரிவு ஏற்கிறது. எனினும் போர் என்ற சொல் அதில் இல்லை. போரால் இழந்த காலம் அந்தக் கெடுவில் சேராது என்பதை உங்கள் அடுத்த அமர்விலேயே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வணிகக்குறி முகவர்