ஓய்வுக் கடிதம் கேட்காதீர்கள்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு டி20 லீக்கில் ஆட விரும்பும் நம் ஆண் வீரர்களிடம் ஓய்வு கேட்கும் உங்கள் விதியை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துடன் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தபோது முதல் நாள் நானும் ஸ்டாண்டில் இருந்தேன். 144 ரன்னுக்கு 6 விக்கெட் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் கிளம்பலாமா என்று கேட்டார். அப்புறம் அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து 199 ரன் எடுத்தார்கள். அன்று சாயங்காலமே அஸ்வின் சதம் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்தார். மூன்றே மாதத்தில், டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு என்று சொல்லிவிட்டார். 106 டெஸ்ட், 537 விக்கெட்.

அது அவருடைய முடிவு. மனசு கனத்தாலும் ஏற்றுக்கொண்டோம். இந்த மடலை எழுதவைத்தது அடுத்த வருடம் நடந்தது. 2025 ஆகஸ்ட் 27, பிள்ளையார் சதுர்த்தி அன்று ஐபிஎல்லிலிருந்தும் விலகினார். இனி மற்ற லீக்குகளில் ஆடிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஆஸ்திரேலிய டி20 லீக்கின் சிட்னி தண்டர் அணியில் சேர்ந்தார். சீசன் தொடங்குவதற்குள் சென்னையில் பயிற்சி செய்யும்போது முழங்காலில் அடிபட்டு, அதுவும் நடக்காமல் போனது. ஆட ஆசை இருந்த ஒருவர், வெளியே ஆட வேண்டுமென்றால் இங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் விதி அப்படி.

ஐபிஎல், உள்ளூர் அணிகள் மோதும் ரஞ்சி உட்பட இந்தியாவில் எல்லா கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு பெற்ற ஆண் வீரர்தான் வெளிநாட்டு டி20 லீக்கில் ஆடலாம் என்கிறீர்கள். அஸ்வினுக்காவது பேரும் பணமும் வந்த பிறகு இந்த முடிவு வந்தது. உன்முக்த் சந்த்தை நினைத்துப் பாருங்கள். 2012இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 111 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்று, கேப்டனாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2021இல் 28 வயதிலேயே இந்திய கிரிக்கெட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அமெரிக்கா போனார். 28 வயது ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓய்வு பெறும் வயதா? பிரவீன் தாம்பே 41 வயதில் ஐபிஎல்லில் அறிமுகமானவர். 2020 ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை எடுத்தும், ஷார்ஜாவில் டி10 என்ற பத்து ஓவர் லீக்கில் ஆடியிருந்தார் என்பதற்காக ஐபிஎல் கதவு மூடியது. அதே வருடம் 48 வயதில் கரீபியன் லீக்கில் போய் ஆடினார். அந்த வயதிலும் பந்து போட விரும்பிய மனிதரை நாம் கொண்டாடியிருக்க வேண்டாமா?

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. லீக்குகளுக்காக நாட்டு அணியை விட்டு வீரர்கள் போன மேற்கிந்தியத் தீவுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். நிக்கோலஸ் பூரன் 29 வயதில் சர்வதேச கிரிக்கெட்டை விட்டார். தென்னாப்பிரிக்காவின் கிளாசன் 33 வயதில் விட்டார். நியூசிலாந்தின் டிரென்ட் போல்ட் 2022இல் வாரிய ஒப்பந்தமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். நம் முன்னணி வீரர்களும் இப்படிப் போய்விட்டால் ஐபிஎல்லின் தனித்தன்மை போய்விடும், நாட்டுக்கு ஆட ஆளிருக்காது என்று பயப்படுகிறீர்கள். சரி, பும்ராவையும் கில்லையும் அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் 2024-25 வாரிய ஒப்பந்தப் பட்டியலில் இருந்தது 34 பேர். நான் பேசுவது அந்தப் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி.

ரஞ்சியில் 38 அணிகள். அணிக்கு 15 பேர் என்றாலே 570 பேர். ஐபிஎல்லில் 10 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டவர் என்றால் நம்மவர்களுக்கு 170 இடம். மீதிப் பேர் என்ன செய்வார்கள்? ரஞ்சியில் 6000 ரன்னும் 400 விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் ஜலஜ் சக்சேனா. இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. ஐபிஎல்லில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 2021இல். இப்படி ஒருவர் ஜூலையில் அமெரிக்காவிலோ ஆகஸ்டில் கரீபியனிலோ ஐந்து வாரம் ஆடிவிட்டு வந்தால் இந்திய கிரிக்கெட்டுக்கு என்ன நஷ்டம்? ரஞ்சி ஆட்ட ஊதியத்தை நாளுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை உயர்த்தினீர்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது மைதானத்தில் இறங்கும் பதினொரு பேருக்கு. வெளியே உட்காருபவருக்கு அதில் பாதிதான். லீக் சுற்றில் ஒரு அணிக்குப் பெரும்பாலும் ஏழு ஆட்டம். முப்பத்தைந்து வயதில் உடம்பு ஒத்துழைக்காமல் போகும்போது அந்த வருமானமும் நின்றுவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஹர்மன்பிரீத் கவுர் 2016இலேயே ஆஸ்திரேலிய மகளிர் லீக்கில் சிட்னி தண்டருக்கு ஆடினார். 2021-22 சீசனில் தொடரின் சிறந்த வீராங்கனையும் ஆனார். இந்திய அணிக்கும் ஆடினார், கேப்டனாகவும் இருக்கிறார். ஆண்களிலும் இங்கிலாந்தின் கவுண்டி கிரிக்கெட்டுக்குத் தடையில்லாச் சான்று தருகிறீர்கள். புஜாரா சசெக்ஸுக்கு ஆடினார். நம்ம வாஷிங்டன் சுந்தர் லங்காஷயருக்கும் சாய் சுதர்சன் சர்ரேக்கும் போய் ஆடிவிட்டு வந்தார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பித்தான் வந்தார்கள். நான்கு நாள் ஆட்டத்துக்குப் போகலாம், பெண்கள் டி20க்குப் போகலாம், ஆண்கள் மட்டும் ஓய்வுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

நான் கேட்பது சின்ன மாற்றம்தான். வாரிய ஒப்பந்தமும் இல்லை, அந்த வருட ஐபிஎல் அணியிலும் இல்லை என்றால், வருடத்துக்கு ஒரு வெளிநாட்டு லீக்கில் ஆட அனுமதியுங்கள். நம் உள்ளூர் சீசனோடு மோதாத லீக்காக இருக்கட்டும். ஐபிஎல் முடிந்ததிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இடைவெளி இருக்கிறதே. மாநிலச் சங்கம் கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு வருடம் இதைச் செய்து பாருங்கள்.

அக்டோபரில் ரஞ்சி தொடங்கும். வெயிலில் நூறு பேர்கூட இல்லாத சேப்பாக்கம் ஸ்டாண்டில் நான் உட்கார்ந்திருப்பேன். அங்கே இறங்குகிற பதினொரு பேரில் எத்தனை பேருக்கு ஐபிஎல் இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டு, உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்